தட்டு ஏந்தாத கூத்தாடி

கரந்தையில், வடவாற்றுப் பாலத்துக்குக் கீழே
கூடாரம் போட்டிருந்தோம் அந்தத் தையில்.
அறுத்த வயலில் வாத்துக் கிடை.
அப்பா கழி நட்டுக் கயிறு இழுப்பார்,
அம்மா மேளம்,
நான் மேலே.
பெருவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவில்
ஓடுகிற இழைதான்
எனக்குத் தெரிந்த ஒரே தெரு.

அன்றைக்குத் தட்டில் பதினேழு ரூபாய்,
தேய்ந்த நாலணா ஒன்று,
வெள்ளை அங்கிக்காரர் ஒருவர் போட்டுவிட்டுப் போன பேச்சு:
"எங்க போஸ்கோவும் கயித்துல நடந்தவருதான்."
அப்பா சிரித்தார்.
சாமி தேரில் போகும், ரிஷபத்தில் போகும்.
கயித்துல ஏன் போகணும்,
சோத்துக்கு வழியில்லையா அதுக்கு?

மாசியில் அப்பாவுக்கு மஞ்சள் காமாலை.
என்னை இல்லத்தில் விட்டார்கள்.
அலுமினியத் தட்டு. ஓரத்தில் ஆணியால் பொறித்த
நாற்பத்திரண்டு.
ஒரு தட்டை யாரிடமும் நீட்டாமல்
மடியில் வைத்துக்கொண்டு உட்கார
மூன்று நாள் பிடித்தது.

படிப்பறையில் அவர் படம்.
நான் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தேன்.
கறுப்புச் சப்பாத்து.
பொய், என்றேன். இதைப் போட்டுக்கொண்டு நடக்க முடியாது.

பிரதர் ஆரோக்கியராஜ் கதை சொன்னார்:
தகப்பனைப் பறிகொடுத்த பையன்,
சந்தையில் வித்தைக்காரர்களைப் பார்த்துப் பார்த்துப்
பழகிக்கொண்டானாம்.
இரண்டு மரத்துக்கு நடுவே கயிறு கட்டி,
ஊர்ப்பிள்ளைகளைக் கூட்டி,
முதலில் ஜெபம், பிறகு கோயிலில் கேட்ட பிரசங்கம்,
அப்புறம்தான் வித்தை.
ஜெபிக்காதவனுக்கு வேடிக்கை கிடையாது.

தட்டு? என்றேன்.
தட்டு இல்லை.
அப்ப ராத்திரிக்கு என்ன சாப்பிட்டான்?
பிரதர் சன்னலைப் பார்த்தார்.
வெளியே யாரோ பந்தை உதைத்தார்கள்.

நான் வயர்மேன் படித்தேன்.
பேஸ், நியூட்ரல், எர்த்.
மற்றவர்கள் கம்பத்தில் நடுங்குவார்கள்,
எனக்கு அங்கேதான் மூச்சு வரும்.

ஆனால் கயிறு சும்மா கிடக்கவில்லை.
செங்காயி ஏறினாள். என் தங்கை. ஏழு வயது.
ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்தவள்
முற்றத்துச் சுரூபத்தைச் சுற்றிவந்து கேட்டாள்:
"இந்த ஆளு பொட்டப்புள்ளைய சேத்துக்குவாரா?"
சிஸ்டர்கள் பள்ளிக்கு விண்ணப்பம் எழுதினார்கள்.
அது போய்ச் சேருமுன்
கூடாரம் நாகூர் தாண்டிவிட்டது.
நீடாமங்கலம் சந்தையில் விழுந்தாள்.
இடதுகால் அன்றிலிருந்து கொஞ்சம் குட்டை.
இதற்கு அவரைக் கோபிப்பதா, என்னையா,
அப்பாவையா, தெரியவில்லை.
ஜனவரி முப்பத்தொன்றில் இல்லத்துக்குப் போவேன்,
மெழுகுவர்த்தி ஏற்றுவேன்,
ஜெபம் வராது.

புயல் அடித்த வருஷம்
ஒரத்தநாட்டுப் பக்கம் பதினோரு நாள்.
தென்னை தலைகீழாய்க் கிடந்த ஊரில்
கடைசி இழுவையை முடுக்கி
கீழே கை காட்டினேன்.
விளக்கு எரிந்தது.
பிள்ளைகள் விசிலடித்தார்கள்,
அதே விசில்.
இறங்கும்போது ஒருவர் ஐம்பது ரூபாயை நீட்ட,
வேண்டாம் என்றேன்.
பெருந்தன்மை இல்லை.
கை வரவில்லை.

செங்காயி இப்போது பள்ளியக்ரகாரத்தில்,
பலூன் விற்கிறாள்.
மகள் பூமயில் எட்டாவது.
போன சனிக்கிழமை போனால்
வேம்புக்கும் அடிபம்புக்கும் நடுவே
கொடிக்கயிறு, முழங்கால் உயரம்.
தெருப்பிள்ளைகள் வரிசை.
பதிமூணாம் வாய்ப்பாடு சொல்கிறவன்தான்
உட்கார்ந்து பார்க்கலாமாம்.
யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன்.
"யாரு சொல்லணும்? காசு கேட்டா ஓடிருதுங்க."
செங்காயி பலூனுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தாள்,
கயிற்றுப் பக்கம் திரும்பவே இல்லை.

நான் முடிச்சை மட்டும் இழுத்துப் பார்த்தேன்.
வேம்புப் பக்கம் சரி, பம்புப் பக்கம் தளர்ச்சி,
இன்னொரு சுற்றுப் போட்டேன்.
பிறகு வரிசையில் நின்றேன்.
பதிமூணேழு வரைக்கும் வந்து
நாக்கு ஒட்டிக்கொண்டது.

"போ மாமா வெளிய" என்றாள்
கயிற்றில் ஒரு காலை வைத்தபடி.